வாடகை யார் பேரில் இருக்கிறது?

வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை இரண்டு தடவை பார்த்து முடித்துவிட்டோம். ரூம்மேட் வாழ்க்கையைப் பற்றி வேறு என்ன தொடர், என்ன படம் பார்க்கலாம்? அப்புறம், எங்கள் வீடு ஏன் அந்த மாதிரி இல்லை?"

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் எதைப் பார்ப்பது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

ஒரே வீட்டில் சேர்ந்து தங்குகிறவர்களின் கதை எதுவாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். வாடகை யார் பேரில் இருக்கிறது? மாசம் பிறந்தால் யார் எவ்வளவு போடுகிறார்கள்? போட முடியாதவன் என்ன செய்கிறான்? இதற்கெல்லாம் கதைக்குள் பதில் இருந்தால், அந்த வீட்டில் ஆட்கள் நிஜமாகவே குடியிருக்கிறார்கள் என்று மனம் நம்பிவிடும். பதில் இல்லையென்றால் சோபா எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கடையில் பார்வைக்கு வைத்த சோபாதான்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு நோட்டிலிருந்து வந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டு வருடம், அதற்குப் பிறகு நான்கு பேராக ஒரு மாடி வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன். மாடி வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். பால், தண்ணீர் கேன், சிலிண்டர், கரன்ட் பில், தோசை மாவு எல்லாம் அதில் ஏறும். இரவுச் சாப்பாட்டுக்குத் தனிப் பக்கம். சாப்பிட்டவன் பெயருக்கு நேரே ஒரு கோடு. மாசக் கடைசியில் கூட்டிப் பிரிப்போம். ஒரு மாசம் அப்படிக் கணக்குப் பார்க்கும்போதுதான் கவனித்தோம், எங்களில் ஒருவன் பெயருக்கு நேரே பதினெட்டு நாளாகக் கோடே இல்லை. கேட்டால், "வெளியில சாப்டுட்டு வந்துடறேன்டா" என்றான். வெளியிலும் சாப்பிடவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த பாயில் படுத்துக்கொண்டிருந்த எனக்குப் பதினெட்டு நாளும் அது தெரியவில்லை.

சரி, 'ஃப்ரெண்ட்ஸ்'.

அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 1994 செப்டம்பரில் ஆரம்பித்து 2004 மே மாதம் முடிந்தது. பத்து சீசன், 236 எபிசோட். டேவிட் கிரேனும் மார்த்தா காஃப்மனும் உருவாக்கியது. மோனிக்கா, ரேச்சல், ஃபீபி, ராஸ், சாண்ட்லர், ஜோயி என்று ஆறு நண்பர்களின் கதை. நடப்பது நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில். எடுத்தது கலிபோர்னியாவில், பர்பேங்க் ஊரிலுள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில், எதிரே ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டு. மோனிக்காவின் ஹால் அவ்வளவு தாராளமாகத் தெரிவதற்குக் காரணம், அதற்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் கேமராவுக்கும் பார்வையாளர்களுக்கும் விட்டது. உங்கள் ஹாலில் நாலு சுவரும் இருக்கின்றன.

அந்த ஊதாச் சுவர் வீட்டுக்குச் சமையல்காரப் பெண் மோனிக்காவும் காபிக்கடையில் வேலை பார்க்கும் ரேச்சலும் எப்படி வாடகை கட்டினார்கள் என்பது தொடர் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. தொடருக்குள்ளேயே அதற்குப் பதில் இருக்கிறது. வீடு மோனிக்காவின் பாட்டி பேரில் இருக்கிறது. நியூயார்க்கில் 1947 பிப்ரவரிக்கு முன்னால் கட்டிய கட்டிடங்களில், 1971 ஜூலைக்கு முன்னாலிருந்தே குடியிருப்பவர்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பாட்டியின் வாடகையைப் பேத்தி அப்படியே அனுபவிக்கிறாள், அதுவும் சட்டத்துக்கு விரோதமான உள்வாடகையாக. 1997-ல் வந்த நாலாவது சீசனில் இது ஒரு முழு எபிசோடாகவே வெடிக்கிறது. குப்பை போடும் குழாயில் ரேச்சல் பீட்சா டப்பாவைத் திணிக்கப் போக, கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரீகர் அவளைத் திட்டி அழவைத்துவிடுகிறார். ஜோயி தட்டிக்கேட்கப் போகிறான். டிரீகர் உள்வாடகை விஷயத்தைச் சொல்லி, பெண்கள் இருவரையும் காலி பண்ண வைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறார். கடைசியில் அவருக்கு நடனம் பழகத் துணையாக ஜோயி கூட ஆடிக் காட்ட வேண்டியதாகிறது. வேடிக்கையான எபிசோட்தான். ஆனால் ஓனர் தரப்பு ஆள் ஒரு வார்த்தை சொன்னால் மொத்தக் குடித்தனமும் ஆடிப்போகும் என்ற பயம் அதற்கு அடியில் இருக்கிறது. சென்னையில் பேச்சிலராகக் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது சீசனில், 1995-ல் வந்த ஒரு எபிசோட். ஐந்து மாட்டிறைச்சித் துண்டும் ஒரு கத்திரிக்காயும் என்று அதன் பெயரிலேயே வரும். மோனிக்காவுக்குப் பதவி உயர்வு. கொண்டாட ஆறு பேரும் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போகிறார்கள். ராஸ், சாண்ட்லர், மோனிக்கா மூவருக்கும் நல்ல சம்பளம்; வேண்டியதை வரவழைத்துக்கொள்கிறார்கள். ஜோயி, ரேச்சல், ஃபீபி மூவரும் மெனு கார்டில் வலது பக்கத்து விலையை மட்டும் பார்க்கிறார்கள். ரேச்சல் ஒரு சாலட் கேட்கிறாள், அதுவும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் சின்னக் கிண்ணத்தில். ஃபீபி ஒரு கப் சூப். பில் வருகிறது. ராஸ் அதைச் சமமாகப் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்கிறான். அந்த நேரத்தில் மேஜையைச் சுற்றி விழும் மௌனத்தைக் கவனியுங்கள். சமமாகப் பிரித்தது ராஸ் கண்ணுக்கு நியாயம். சாலட் சாப்பிட்டவளுக்கு அது அந்த வாரச் செலவுக்காசு. ராஸ் பிறந்தநாளுக்கு இசை நிகழ்ச்சி டிக்கெட்டை மூவர் தங்கள் காசில் ஆறு பேருக்கும் வாங்கிவந்து நீட்டும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. வாங்கிக்கொண்டால் தர்மம், மறுத்தால் திமிர். வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

எபிசோட் முடியும்போது மோனிக்காவுக்கு வேலை போய்விடுகிறது. சப்ளை செய்கிறவர் அன்பளிப்பாக அனுப்பிய அந்த இறைச்சியும் கத்திரிக்காயும்தான் காரணம்; லஞ்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். காபிக்கடை பில்லைப் பார்த்து அவள் கையைப் பிசைய, ஜோயி "நான் கொடுக்கிறேன்" என்று பில்லை வாங்குகிறான். வாங்கிவிட்டு சாண்ட்லரிடம் ஐந்து டாலர் இருக்கிறதா என்று கேட்கிறான். இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒரு வீட்டுக்குள் காசு எப்படி ஆளை ஆளிடமிருந்து விலக்குகிறது, எப்படித் திரும்பச் சேர்க்கிறது என்று காட்டிவிட்டார்கள். தொடர் முழுக்க இந்த எபிசோட் மாதிரி இருந்திருந்தால் உங்கள் இரண்டாவது கேள்வியே வந்திருக்காது. போகப் போக எல்லோருக்கும் நல்ல வேலை, நல்ல சம்பளம், அப்புறம் வாடகைப் பேச்சே வருவதில்லை.

காசு என்றதும் கேமராவுக்கு வெளியே நடந்ததையும் சொல்லத் தோன்றுகிறது. ஆரம்பத்தில் சிலருக்குக் கூடவும் சிலருக்குக் குறையவும் இருந்த சம்பளத்தை, ஆறு நடிகர்களும் சேர்ந்து போய்ப் பேசி ஒரே அளவாக்கினார்கள். தனித்தனியாகப் போனால் அதிகம் வாங்கியிருக்கக்கூடியவர்களும் சேர்ந்தே நின்றார்கள். கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு ஒரு எபிசோடுக்குப் பத்து லட்சம் டாலர். இதற்கு நேர் எதிர்க்கதை 'த்ரீஸ் கம்பெனி' தொடரில் நடந்தது. ஏ.பி.சி. சேனலில் 1977 முதல் 1984 வரை ஓடிய அந்தத் தொடரும் ரூம்மேட் கதைதான். இரண்டு பெண்கள், ஒரு ஆண், ஒரே வீடு. அதில் கிறிஸ்ஸியாக நடித்த சூசன் சோமர்ஸ் 1980-ல் ஒரு எபிசோடுக்கு 30,000 டாலராக இருந்த சம்பளத்தை 1,50,000 ஆக்கக் கேட்டார். கதாநாயகனுக்குக் கொடுப்பதைத் தனக்கும் கொடுங்கள் என்பது அவர் வாதம். கேட்டது கிடைக்கவில்லை. கூட நடித்தவர்களும் பக்கத்தில் நிற்கவில்லை. மிச்ச ஒப்பந்தத்துக்கு அவரைத் தனி செட்டில் நிறுத்தி, ஊரிலிருந்து போன் பேசுவது போல ஒரு நிமிஷக் காட்சிகள் எடுத்தார்கள். கதைப்படி ஒரே வீட்டில் இருக்க வேண்டிய மூவரில் ஒருத்தி, அந்த வீட்டு செட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் போனிலேயே சீசனை முடித்தார். அந்த எபிசோடுகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

'த்ரீஸ் கம்பெனி' பிரிட்டனில் 1973 முதல் 1976 வரை வந்த 'மேன் அபவுட் த ஹவுஸ்' தொடரின் அமெரிக்க வடிவம். அமெரிக்க வடிவத்தின் முடிச்சு முழுக்க வீட்டு ஓனர்தான். கல்யாணமாகாத பெண்களோடு ஒரு ஆணை வைக்க ஓனர் ரோப்பர் சம்மதிக்க மாட்டார். அதனால் ஜாக் தன்பாலினத்தவன் என்று பொய் சொல்லி வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். அந்தப் பொய்யை வைத்துச் செய்த பல நகைச்சுவை இன்று உறுத்தும், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொய்யின் தேவை மட்டும் இன்னும் பழசாகவில்லை. பிரிட்டனில் சேனல் 4 ஒளிபரப்பிய 'ஸ்பேஸ்டு' (1999, 2001, மொத்தம் 14 எபிசோட்) அதே முடிச்சை வேறு மாதிரி போடுகிறது. லண்டனில் தங்க இடமில்லாமல் காபிக்கடையில் பழக்கமான டிம், டெய்சி இருவரும் ஒரு விளம்பரம் பார்க்கிறார்கள். வேலையிலிருக்கும் தம்பதிக்கு மட்டும் வீடு என்று இருக்கிறது. தம்பதி என்று சொல்லிக் குடி புகுந்துவிடுகிறார்கள். எட்கர் ரைட் இயக்கம், சைமன் பெக்கும் ஜெசிக்கா ஸ்டீவன்சனும் எழுதி நடித்தது. சின்னத் தொடர், இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும். நீங்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலும் 'ஃபேமிலி ஒன்லி' என்று எழுதிய டூலெட் போர்டுகளுக்கு முன்னால் நின்றவர்கள்தானே நாம். எங்கள் நால்வரையும் அண்ணன் தம்பி என்று புரோக்கர் ஓனர் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அக்ரிமென்ட் எழுத உட்கார்ந்தபோது அந்த அம்மா இனிஷியலைக் கேட்டார். நாலு பேரும் நாலு எழுத்து சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். பிறகு, "சமைக்கவாவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றோம். பத்து மாச அட்வான்ஸ் எட்டாகக் குறைந்தது. அந்த வீட்டில்தான் அந்த நோட்டு தொங்கியது.

தமிழில் இந்த வகைக்குத் தொடக்கம் ரூம்மேட் கதை இல்லை, ஒண்டுக்குடித்தனக் கதை. சென்னையில் ஸ்டோர் வீடு, மதுரைப் பக்கம் காம்பவுண்டு வீடு, திருநெல்வேலிப் பக்கம் வளவு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். ஒரு வாசல், ஒரு கிணறு, ஒரு கழிப்பறை, ஐந்தாறு குடும்பம். அதை முழுசாகத் திரையில் கொண்டுவந்தது கே. பாலசந்தர் 1968-ல் எடுத்த 'எதிர்நீச்சல்'. அவரே மேடைக்கு எழுதிய நாடகத்திலிருந்து வந்த படம். நாகேஷ்தான் நாயகன், பெயர் மாது. அந்த வீட்டில் அவனுக்கு அறை கிடையாது, மாடிப்படிக்கு அடியில் படுக்கை. அதனால் மாடிப்படி மாது. வீட்டிலிருக்கும் எல்லாக் குடித்தனத்துக்கும் கடைக்குப் போவது, எடுபிடி வேலை செய்வது எல்லாம் அவன்தான். பதிலுக்கு மிச்சம் மீதி சாப்பாடு, அப்படியே கல்லூரிப் படிப்பு. வாடகையைக் காசாகக் கொடுக்க முடியாதவன் உடம்பால் கொடுக்கிறான். கூட இருக்கும் எல்லோரும் அவன் மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள், வேலையும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதை பாலசந்தர் அவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்கிறார். ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் வரும் 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா' பாட்டு எல்லோருக்கும் தெரியும். அது பக்கத்துப் போர்ஷனைப் பார்த்துப் பார்த்தே வாழ்கிற வீட்டில்தான் பிறக்கும்.

அதே பாலசந்தர் பன்னிரண்டு வருடம் கழித்து எடுத்தது 'வறுமையின் நிறம் சிவப்பு'. 1980. கமல்ஹாசன் ரங்கனாக, டில்லியில், வேலை தேடும் பட்டதாரி. கூட அதே அறையில் இரண்டு பேர், அதில் ஒருவர் எஸ்.வி. சேகர். மூவருக்கும் வேலை இல்லை. படிப்பு இருக்கிறது, பாரதி பாட்டு இருக்கிறது, வீட்டில் அரிசி இல்லை. அந்தப் படத்தில் ஒரு காட்சி. ஸ்ரீதேவி நடித்த தேவி வந்திருக்கிறாள், தாங்கள் பட்டினி என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. உள்ளே மூவரும் காலித் தட்டையும் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு விருந்து சாப்பிடுகிற மாதிரி சத்தம் எழுப்புகிறார்கள். கரண்டி தட்டில் படும் ஓசை, அதைப் போடு இதைப் போடு என்ற உபசாரம் எல்லாம் கேட்கிறது. அவள் பார்த்துவிடுகிறாள். தட்டில் ஒன்றுமில்லை.

தூர்தர்ஷனிலோ வேறு சேனலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படம் வந்தது. நாங்கள் நாலு பேரும் அந்த மாடி வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். நோட்டு விஷயம் நடந்து இரண்டு மூன்று மாசம் ஆகியிருக்கும். அந்தக் காட்சி வந்ததும் அவன் எழுந்து, மோட்டார் ஆஃப் பண்ணிட்டு வரேன் என்று கீழே இறங்கிப் போனான். அன்று மோட்டாரே போடவில்லை. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் பாட்டு ஆரம்பித்திருந்தது. நான் இந்த வகைக் கதைகளில் எதை மதிக்கிறேன் என்று கேட்டால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன். ஒரே அறையில் இருக்கிறவர்கள் ஒருத்தரிடம் ஒருத்தர் மறைப்பதும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வதும் அந்தப் படத்தில் இருக்கிறது.

டில்லியிலேயே நடக்கும் இன்னொரு மூன்று பேர் கதை, அடுத்த வருடம் 1981-ல் சாயி பராஞ்ச்பே இந்தியில் எடுத்த 'சஷ்மே பத்தூர்'. பெயர் போடும்போதே ஒரு சிகரெட் ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்று பேருக்கு ஒன்று. வாடகையும் பாக்கி, பெட்டிக்கடையிலும் பாக்கி. பாலசந்தர் படம் பார்த்துக் கனத்த மனதை இது லேசாக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே காலம், ஒரே மாதிரி அறை.

வாடகையே இல்லாத இடத்தைக் காட்டிய படம் ஒன்று உண்டு: வசந்தபாலனின் 'அங்காடித் தெரு', 2010, வசனம் ஜெயமோகன். ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் வேலைக்கு வரும் தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலாளியே சோறு போட்டு, இடமும் கொடுக்கிறார். இடம் என்றால் ஒரு பெரிய கூடம். தரையில் கை கால் நீட்ட இடமில்லாமல் வரிசையாகப் படுத்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். வாடகை கேட்காத வீட்டில் வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போய்விடும். அதனால் கடையில் அடி வாங்கினாலும் வாயைத் திறக்க முடியாது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சேர்ந்து தங்கும் ஃபிளாட்டைப் பற்றி எத்தனை படம் வந்தாலும், சென்னையில் சேர்ந்து தங்குவதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூடத்தை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) பற்றி இரண்டு வரி. கல்யாணம் வேண்டாம் என்று மும்பையில் ஒரே அறையில் தங்க நினைக்கும் இருவர். படத்தின் உயிர் அவர்களிடம் இல்லை, அந்த வீட்டுக்காரர் கணபதியிடமும், மறதி நோயில் மெல்ல மெல்லத் தொலைந்துகொண்டிருக்கும் அவர் மனைவி பவானியிடமும் இருக்கிறது. பிரகாஷ்ராஜும் லீலா சாம்சனும். வீட்டு ஓனரைத் தொல்லையாகவே காட்டிப் பழகிய இந்த வகையில், ஓனருக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதை நின்று பார்த்த படம்.

இப்போது வயசானவர்கள். அமெரிக்காவின் என்.பி.சி.யில் 1985 முதல் 1992 வரை வந்த 'த கோல்டன் கேர்ள்ஸ்', சூசன் ஹாரிஸ் உருவாக்கியது. மயாமியில் ஒரு வீடு. கணவனை இழந்த பிளான்ஷ் மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில் அறை வாடகைக்கு என்று எழுதி ஒட்டுகிறாள். ரோஸும் டாரத்தியும் அதைப் பார்த்து வருகிறார்கள். டாரத்தியின் அம்மா சோஃபியா, தான் இருந்த முதியோர் இல்லம் தீப்பிடித்ததும் வந்து சேர்ந்துகொள்கிறாள். அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகளாக நடித்த பீ ஆர்தரைவிட ஒரு வயது சின்னவர். நாலு பேரும் ஆளுக்கொரு எம்மி விருது வாங்கினார்கள். சமையலறை மேஜையைக் கவனியுங்கள்: நாலு பெண்கள், மூன்று நாற்காலி. கேமரா பக்கம் யாரும் முதுகு காட்டக் கூடாது என்பதால் நாலாவது நாற்காலி போடவில்லை. ஆகவே நாலு பேரும் கூடினால் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள், அல்லது வேறெங்காவது சாய்ந்திருப்பாள். நடுராத்திரியில் தூக்கம் வராமல் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்து சீஸ்கேக் சாப்பிட்டுக்கொண்டே பேசும் காட்சிகள் இந்தத் தொடரின் மையம். இருபது வயதில் சேர்ந்து தங்குகிறவனுக்குக் கல்யாணம் வரைக்கும்தான் இந்த வாழ்க்கை என்ற நினைப்பு இருக்கும். ஐம்பது, அறுபது வயதில் சேர்ந்து தங்குகிறவர்களுக்கு இதுவேதான் குடும்பம். உங்கள் அம்மாவுக்கும் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

கோபம் வரும் வீட்டுக்கு இரண்டு சிபாரிசு. 'த பிக் பேங் தியரி' (2007–2019, 279 எபிசோட்) தொடரில் ஷெல்டனும் லெனார்டும் எழுத்தில் ஒரு ரூம்மேட் ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். அவர்கள் முதலில் சந்தித்தது எப்படி என்று சொல்லும் மூன்றாவது சீசன் எபிசோட் ஒன்று உண்டு. வீட்டு வெப்பநிலையை யார் மாற்றலாம் என்ற சண்டையில் ஆரம்பிக்கும், ஏ.சி. ரிமோட்டுக்குச் சண்டை போட்ட யாருக்கும் அது பழகியதுதான். இருந்தாலும் எனக்கு அதைவிட நெருக்கமானது கொரியத் தொடர் 'ஹலோ, மை ட்வென்டீஸ்'. கொரியாவில் 2016-ல் ஜே.டி.பி.சி. சேனலில் வந்தது. பெண்கள் ஐந்து பேர், ஒரு வாடகை வீடு. கிராமத்திலிருந்து புதிதாக வரும் யூ உன்ஜே வாயே திறக்காத பெண். மற்றவர்கள் தன்னை மதிக்கவில்லை, நான் மட்டும்தான் எல்லாவற்றையும் பொறுத்துப்போகிறேன் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே இருக்கிறாள். ஒருநாள் வெடித்துவிடுகிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அவர்களும் அவளைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதே வீட்டில் யூன் ஜின்மியுங் என்ற பெண் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிறாள். கூட இருக்கிறவர்கள் வெளியே போகலாம் என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் முகத்தைப் பாருங்கள். கேமரா அவளிடம் ஒரு நொடி கூடுதலாக நிற்கும்.

'பீப் ஷோ'வும் நல்ல தொடர்தான். பிரிட்டன், 2003–2015. மார்க், ஜெரமி என்ற இருவரின் கண்ணாகவே கேமரா இருக்கும், மனதுக்குள் நினைப்பதும் நமக்குக் கேட்கும். வீடு மார்க்குடையது, ஜெரமி ஒட்டிக்கொண்டிருப்பவன். ஆபாசமும் கசப்பும் அதிகம். உங்கள் மூன்று பேரில் யாருக்காவது மனசு சரியில்லாத வாரத்தில் போடாதீர்கள்.

'பிக் பாஸ்' இதில் சேருமா என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 1999-ல் ஜான் டெ மோல் ஆரம்பித்த 'பிக் பிரதர்'தான் மூலம். தமிழில் 2017 ஜூனில் விஜய் டிவியில் வந்தது, கமல்ஹாசன் நடத்தினார். வாடகை இல்லை, வேலை இல்லை, வெளியே போக வழியில்லை. வெளியேற்றுவது ஓனர் இல்லை, ஓட்டுப் போடுகிற நாம். ஆனால் அங்கும் பெரிய சண்டைகள் எங்கே ஆரம்பித்தன என்று நினைத்துப் பாருங்கள். சமையல் யார், பாத்திரம் யார், லக்சரி பட்ஜெட்டில் என்ன வாங்குவது, யாருடைய பங்கை யார் எடுத்தது. எல்லா வசதியும் கொடுத்து வைத்த வீட்டிலும் அடுப்படிதான் அடித்துக்கொள்ளும் இடம். காலித் தட்டில் கரண்டியைத் தட்டிய அதே கமல், முப்பத்தேழு வருடம் கழித்து அந்த வீட்டின் சாப்பாட்டுத் தகராறுகளை விசாரித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கும்போது எனக்கு அந்த டில்லி அறைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்லும் வரிசை இதுதான். நீங்கள் பார்த்ததுதான் என்றாலும் அந்த 1995 ஹோட்டல் பில் எபிசோடை மட்டும் திரும்பப் போடுங்கள், இந்தத் தடவை சாலட் கேட்கும் ரேச்சலை மட்டும் பார்த்துக்கொண்டு. அடுத்து 'ஸ்பேஸ்டு'. அதற்கடுத்த சனிக்கிழமை 'வறுமையின் நிறம் சிவப்பு', ஞாயிற்றுக்கிழமை 'சஷ்மே பத்தூர்'. கொரியத் தொடரை இரவுக்கு ஒரு எபிசோட் வீதம் வைத்துக்கொள்ளலாம், முதல் பருவம் பன்னிரண்டுதான். 'அங்காடித் தெரு'வை தி.நகருக்குத் துணி எடுக்கப் போவதற்கு முன்னால் பாருங்கள். 'எதிர்நீச்சல்' மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். கீழ்வீட்டில் ஓனர் குடும்பம் இருந்தால், அவர்கள் ஹாலில் டிவி இருந்தால், கேட்டுப் பாருங்கள். அந்த வயசுக்காரர்களுக்கு அம்புஜம் பாட்டு முழுசாக மனப்பாடமாக இருக்கும், அவர்கள் குடியிருந்த ஸ்டோர் வீட்டுக் கதையும் சேர்ந்தே வரும்.